ஆட்டின் ராணிக்கு ஏன் அவ்வளவு கோபம்?

புத்தக அலமாரி: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினால் பாதிக்கு மேல் ஒரே விஷயம். ஆலிஸ், பீட்டர் பான், ஆஸ் மந்திரவாதி என்று நாம் சின்ன வயதில் படித்த கதைகளை எடுத்து, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்காக இருட்டும் ரத்தமுமாகத் திரும்ப எழுதுகிற ஆங்கில நாவல்கள். மும்பை மாட்டுங்காவில் ஒரு பள்ளி நூலகத்தில் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். எந்தப் பிள்ளை எந்தப் புத்தகத்தை எப்படி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போகும் என்று பார்த்துப் பார்த்தே பழகினேன். அந்த அனுபவத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். தோழியிடமிருந்து 'ஆலிஸ்' என்று ஒரு நாவல் வாங்கி வந்தாள். நாம் படித்த ஆலிஸ்தானே என்று நானும் எடுத்துப் பார்த்தேன். ஆலிஸ் மனநோய் விடுதியில் அடைபட்டுக் கிடக்கிறாள். பக்கத்து அறையில் கோடரியால் கொலை செய்தவன். இரண்டு அத்தியாயத்தோடு மூடிவிட்டேன், அன்று ராத்திரி தூக்கமே இல்லை. பிடுங்கி வைத்துவிடலாமா?
— ஓர் அம்மா, செம்பூர்

நீங்கள் சொல்வது கிறிஸ்டினா ஹென்றி எழுதி 2015-ல் வந்த நாவல். அம்மா, அது பிள்ளைகளுக்காக எழுதியதே இல்லை. பெரியவர்களுக்கான திகில் கதை. பெண்களைக் கடத்தி விற்பதும் பாலியல் கொடுமையும் அதில் ஓரமாக வந்து போவதில்லை, கதையே அதன் மேல்தான் நடக்கிறது. தலைப்பில் ஆலிஸ் என்று இருப்பதால் பிள்ளைகள் கைக்குப் போய்விடுகிறது. போன ஜூனில் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில், மழைக்காக நீல பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி வைத்திருந்த அடுக்கில், இதே புத்தகத்தை ஈனிட் பிளைட்டனின் சிறுவர் கதைக்கும் ஒரு பட அகராதிக்கும் நடுவில் பார்த்தேன். கடைக்காரரிடம் இந்தியில் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், உடனே எடுத்துப் பெரியவர்கள் அடுக்கில் வைத்தார்.

ஆனால் பிடுங்காதீர்கள். நான் ஒரு முறை பிடுங்கியிருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பெண், வயதுக்கு மீறிய ஒரு நாவலை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசாமல் அவள் கையிலிருந்து எடுத்து என் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அதற்கப்புறம் அவள் பள்ளியை விட்டுப் போகும் வரை நூலகத்துக்குள் காலே வைக்கவில்லை. மூன்று வருடம். வாசலைக் கடந்து போவாள், என்னைப் பார்க்க மாட்டாள். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

பக்கத்தில் உட்காருங்கள். "இதில் எனக்கே தாங்க முடியாத இடங்கள் இருக்கிறது, உனக்கு எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். எதுவரை படித்தாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்னும் நாலு வருடம் போகட்டும், அப்போது சேர்ந்து படிக்கலாம் என்று சொன்னால் அநேகமாகக் கேட்பாள். கையோடு வேறொன்று கொடுங்கள். மரிஸ்ஸா மேயர் 2016-ல் எழுதிய 'ஹார்ட்லெஸ்' இதே ஆலிஸ் உலகம்தான், ஆனால் அவள் வயதுக்கு எழுதியது. சீட்டுக்கட்டில் சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ராணி, எதற்கெடுத்தாலும் "தலையை வெட்டு" என்று கத்துவாளே, அவள் ராணியாவதற்கு முன் யாராக இருந்தாள் என்பது கதை. பேக்கரி வைக்க ஆசைப்பட்ட பெண். எலுமிச்சையும் மாவுமாகக் கை மணக்க அடுப்படியில் நின்றவள். அவளை ராஜாவுக்குக் கட்டிவைக்க வீட்டில் பிடிவாதம் பிடிக்கிறார்கள். கடைசியில் இருட்டு வருகிறது, ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று படிக்கிற பெண்ணுக்குப் புரியும்.

மூலத்தில், 1865-ல் லூயிஸ் கரோல் எழுதியதில், அந்த ராணி உத்தரவு போடுவதோடு சரி, உண்மையில் யாரையும் வெட்டுவதே இல்லை என்று ஒரு பிராணி ஆலிஸிடம் ரகசியமாகச் சொல்லும். அவ்வளவு கோபம் அவளுக்கு ஏன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மேயர் கேட்டார்.

எனக்கு 15 வயது. பீட்டர் பான் ரொம்பப் பிடிக்கும். அவனைக் கெட்டவனாகக் காட்டும் நாவல்கள் நிறைய வருகிறதே, அது நியாயமா மிஸ்?
— பத்தாம் வகுப்பு மாணவி, டோம்பிவிலி

கண்ணு, நீ எந்தப் பீட்டர் பானைப் படித்தாய்? படம் போட்ட சுருக்கமான புத்தகமா, இல்லை ஜே.எம். பேரி 1911-ல் எழுதிய முழு நாவலா? சுருக்கம் என்றால், ஒரு தடவை முழுசாகப் படி. என்றைக்கும் வளராத பீட்டரோடு தீவில் இருக்கும் பையன்களின் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும், சிலர் கொல்லப்படுவார்கள், யாராவது வளர்கிற மாதிரி தெரிந்தால் அது விதிமீறல் என்று பீட்டர் ஆட்களைக் குறைத்துவிடுவான் என்று பேரியே எழுதியிருக்கிறார். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். செடியில் கிளை நறுக்குவது போலச் சொல்லியிருக்கிறார். நான் முதல் தடவை அந்த இடத்தில் நிற்காமல் போய்விட்டேன். பல வருடம் கழித்து, ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு வந்து, "மிஸ், குறைச்சுடுவான்னா என்ன அர்த்தம்? அந்தப் பசங்க எங்க போனாங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

புதிதாக எழுதுகிறவர்கள் பலரும் விரல் வைத்தது அந்த ஒரு வரியில்தான். அதனால் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பேரிக்கு ஆறு வயது இருக்கும்போது, 1867-ல், அண்ணன் டேவிட் பனிச்சறுக்கில் விழுந்து இறந்துபோனான். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் 14 வயது. அவன் இனி என்றைக்கும் சிறுவனாகவே இருப்பான் என்று நினைத்து அவர்கள் அம்மா மனதைத் தேற்றிக்கொண்டாளாம். வளராத பையன் எங்கிருந்து வந்தான் என்று இதைப் படித்த பிறகு எனக்குத் தோன்றியது. அந்தக் கதையின் அடியில் ஏற்கெனவே ஒரு குழந்தையின் சாவு இருக்கிறது, கண்ணு.

ஜோடி லின் ஆண்டர்சன் எழுதிய 'டைகர் லில்லி', 2012-ல் வந்தது, உனக்குப் பிடிக்கும். சிறுமி வெண்டி வருவதற்கு முன்னால் அந்தத் தீவில் டைகர் லில்லி என்கிற பெண் இருந்தாள் அல்லவா, மூலத்தில் அவளுக்குச் சொல்லிக்கொள்ளும்படி பேச்சே கிடையாது. இதில் அவள்தான் கதை. சொல்கிறவள் டிங்கர் பெல். அந்தத் தேவதை வாய் பேச மாட்டாள், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பாள். சில இடங்கள் ரொம்ப வலிக்கும். வீட்டில் சொல்லிவிட்டுப் படி. படித்ததும் எனக்கு எழுது.

மூலக்கதையை இப்படி யார் வேண்டுமானாலும் மாற்றி எழுத முடியுமா? வழக்கு வராதா?
— கல்லூரி மாணவர், சயான்

வராது தம்பி. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் ஆனால் அந்த எழுத்து எல்லோருக்கும் பொது. கரோல் 1898-லும், ஆஸ் கதை எழுதிய பாம் 1919-லும், பேரி 1937-லும் காலமானார்கள். ஒரு விதிவிலக்கு இங்கிலாந்தில் இருக்கிறது. பேரி 1929-லேயே பீட்டர் பான் உரிமையை லண்டனில் உள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். 1988-ல் அந்த நாட்டு நாடாளுமன்றம், பதிப்புரிமைக் காலம் முடிந்தாலும் மருத்துவமனைக்கு அந்த வருமானம் தொடர்ந்து வரும்படி தனியாகச் சட்டம் போட்டது. எனக்கு மிகவும் பிடித்த சட்டங்களில் அதுவும் ஒன்று.

அம்மணி, எங்கள் காலத்தில் அம்புலிமாமா, பாட்டி கதை என்று மனதுக்கு இதமாகப் படித்தோம், கேட்டோம். இப்போது குழந்தைக் கதையில் கூடக் கொலை. வெளிநாட்டார் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார்கள்.
— 78 வயது வாசகர், முலுண்ட்

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த அம்புலிமாமாவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நடு ராத்திரி, சுடுகாடு, முருங்கை மரத்தில் தொங்கும் பிணம், அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற விக்கிரமாதித்தன். மாதா மாதம் அந்தப் பிணத்தின் படத்தைப் பார்த்துத்தானே நாம் பக்கத்தைத் திருப்பினோம். பிள்ளைக்கறி சமைத்த சிறுத்தொண்டர் கதையைக் கோயிலில் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள்.

என் பாட்டி நல்லதங்காள் கதை சொல்வாள். எங்கள் வீடு அப்போது மாட்டுங்காவில் ஒரே அறை. மின்சாரம் போன ராத்திரிகளில் பாட்டி சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்வாள், நாங்கள் நாலு பேர் சுற்றி உட்காருவோம். பஞ்சம் தாங்காமல் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்த நல்லதங்காளுக்கு, அண்ணி மூளி அலங்காரி கதவைத் திறக்க மாட்டாள். அப்புறம் ஓட்டைப் பானையும் ஈர விறகும் கொடுப்பாள். பாட்டி இங்கே குரலைத் தாழ்த்துவாள். பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போடும்போது விரல் மடக்கி எண்ணுவாள். மூத்தவன் மட்டும், "என்னை விட்டுடும்மா, எங்கயாவது மாடு மேய்ச்சுப் பொழைச்சுக்கறேன்" என்று கெஞ்சுவான். அந்த ஒரு விரலை மடக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருப்பாள் பாட்டி. பிறகு அதுவும் மடங்கும். ஒரு நாள் நான் அழுதுகொண்டே கேட்டேன், "அவன் ஏன் பாட்டி ஓடிப் போகல?" பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. என் தலையைத் தடவிவிட்டுத் தூங்கு என்றாள். எனக்கு அப்போது எட்டு வயது. அந்த மூத்தவனை மனதுக்குள் ஓடவைத்து, தூங்கும் வரை நானே ஒரு கதை செய்துகொண்டேன். திரும்ப எழுதுவது என்பதை நான் முதலில் அப்படித்தான் அறிந்தேன்.

வெளிநாட்டார் கதையும் அப்படித்தான் இருந்தது. கிரிம் சகோதரர்கள் 1812-ல் போட்ட முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்வது பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவளைச் சித்தி ஆக்கினார்கள். மரப்பொம்மை பினோக்கியோ 1881-ல் இத்தாலியில் தொடராக வந்தபோது, அவனை மரத்தில் தூக்கில் தொங்கவிட்டு முடித்துவிட்டார் கொல்லோடி. படித்தவர்கள் விடவில்லை, கதை மறுபடி தொடங்கியது, 1883-ல் புத்தகமாக வந்தது. நாம் இதமானது என்று நினைப்பது பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள் கழுவித் துடைத்துக் கொடுத்தது, ஐயா. உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு நீங்கள் கேட்ட கதைகளைச் சொல்லுங்கள். விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் விடாமல் சொல்லுங்கள்.

'விக்கட்' படம் பார்த்துவிட்டு 11 வயது மகன் அந்த நாவலைக் கேட்கிறான். வாங்கலாமா?
— ஓர் அப்பா, வாஷி

வேண்டாம். 2024-ல் வந்த படம், மேடையில் நடந்த இசை நாடகத்திலிருந்து எடுத்தது. அதற்கும் மூலமான கிரிகரி மகுவையரின் 1995 நாவல், ஆஸ் கதையின் சூனியக்காரியைப் பற்றியது, பெரியவர்களுக்கு எழுதியது, பதினொரு வயதுக்கு ஆகாது. பாம் எழுதிய பழைய ஆஸ் கதையையே கொடுங்கள்.

நல்ல மறுகதை எது, வெறுமே பயமுறுத்தி விற்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் இரண்டு பெண்களும் இதையேதான் வாங்குகிறார்கள்.
— ஆசிரியை, தானே

நான் செய்வது ஒன்றுதான், டீச்சர். பக்கத்தில் மூலத்தை வைத்துக்கொள்வேன். மூலத்தில் யாருடைய வலியைக் கேட்காமலே கடந்து போனார்களோ, அதைப் புதியவர் கேட்கிறாரா என்று பார்ப்பேன்.

ஆஸ் கதையின் தகரமனிதனை எடுத்துக்கொள்ளுங்கள். இதயம் வேண்டும் என்று கேட்டு வருகிறவன், குழந்தைகளுக்குச் செல்லம். 1900-ல் வந்த புத்தகத்தில் அவன் எப்படித் தகரமானான் தெரியுமா? அவன் மரம் வெட்டுகிற மனிதன். ஒரு பெண்ணைக் காதலித்தான். அவளை வீட்டு வேலைக்கு வைத்திருந்த கிழவிக்கு, இவள் போய்விட்டால் சமைக்க ஆள் இல்லை. கல்யாணத்தைத் தடுக்கச் சொல்லிக் கிழக்குத் திசைச் சூனியக்காரிக்கு இரண்டு ஆடும் ஒரு பசுவும் தருவதாகப் பேசினாள். சூனியக்காரி அவன் கோடரிக்கு மந்திரம் போட்டாள். அவன் கோடரியே நழுவி அவன் இடது காலை வெட்டியது. தகரத்தில் கால் போட்டுக்கொண்டு மறுபடி வேலைக்குப் போனான். அப்புறம் வலது கால். பிறகு கைகள், தலை, கடைசியில் உடம்பு. உடம்பு போனதோடு இதயமும் போயிற்று, அவளைக் கட்டிக்கொள்ளும் ஆசையும் போயிற்று. ஒரு பெண்ணின் வீட்டு வேலைக்காக ஒரு மனிதனைத் துண்டு துண்டாக்கியிருக்கிறார்கள். இதை எழுதிய பாம்தான், மனவேதனையும் கெட்ட கனவும் இல்லாத குழந்தைக் கதை எழுதப்போகிறேன் என்று அதே புத்தகத்தின் முன்னுரையில் சொல்கிறார். அவர் மனதாரத்தான் சொல்லியிருப்பார். கதை எங்கே போகும் என்பது எழுதுகிறவர் கையில் முழுக்க இருப்பதில்லை.

அந்த வேலைக்காரப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று, அவள் காத்திருந்தாளா என்று ஒருவர் எழுதினால், எவ்வளவு இருட்டாக இருந்தாலும் நான் படிப்பேன். டேனியல் பெய்ஜின் 'டோரதி மஸ்ட் டை', 2014-ல் வந்தது, உங்கள் பெண்கள் படித்திருப்பார்கள். பழைய கதையில் ஆஸ் நாட்டுக்குப் போய் வந்த சிறுமி டோரதி, மறுபடி அங்கே போய் மந்திரத்துக்கு அடிமையாகி, கொடுங்கோல் ராணி ஆகிவிட்டாள். அவளைக் கொல்ல கன்சாஸிலிருந்து ஏமி என்று இன்னொரு பெண். ஆரம்பத்தில், வண்டிவீட்டில் மாத்திரைக்கு அடிமையான அம்மாவோடு ஏமி படுகிற பாடு அத்தனை உண்மையாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு தோழிகூட இல்லை. அந்தப் பக்கங்களை நான் இரண்டு முறை படித்தேன். அப்புறம் சண்டைப் பயிற்சி, சித்திரவதை என்று போகும்போது வேதனை குறைந்து காட்சி மட்டும் பெரிதாகிறது. தகரமனிதன் கொடியவனாக வருகிறான், ஆனால் அவனை வெட்டிய அந்தக் கோடரியை அங்கே யாரும் பெரிதாக நினைத்துப் பார்க்கவில்லை. எனக்கு அது ஏமாற்றம். உங்கள் பெண்கள் வேறு மாதிரி சொல்லலாம், கேட்டுப் பாருங்கள்.

நடைமுறைக்கு ஒன்று: பின்னட்டையிலோ உள்மடிப்பிலோ எந்த வயதுக்கு என்று பல பதிப்பகங்கள் அச்சிடுகின்றன. அதைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

தமிழில் இப்படி ஏதும் இல்லையா? என் பெண் வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுவாள். எழுதப் படிக்க வராது, பள்ளியில் மராத்தி, இந்தி, ஆங்கிலம்தான்.
— ஓர் அம்மா, சயான் கோலிவாடா

பெரியவர்களுக்கு உண்டு. புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' 1943-லேயே வந்துவிட்டது. ராமன் கால் பட்டு மறுபடி பெண்ணான அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்னது அதே ராமன்தான் என்று கேள்விப்படுகிறாள். அதைத் தாங்க முடியாமல் திரும்பக் கல்லாகிப் போகிறாள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு நீங்கள் உரக்கப் படித்துக் காட்டலாம். நடை கொஞ்சம் கடினம்தான், நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். ஆனால் பதின்வயதுக்கென்றே தமிழில் எழுதி, மும்பையில் ஒரு பிள்ளை கைக்குக் கிடைக்கிற மாதிரி என்று தேடினால் எனக்கு அலமாரி காலியாகத்தான் தெரிகிறது. இதை நினைத்து நான் நிஜமாகவே கவலைப்படுகிறேன்.

அதனால் வாயால் சொல்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தள அறையில் ஆறேழு பிள்ளைகள் வருவார்கள், பாய் விரித்து உட்காருவோம். உங்கள் பெண்ணையும் அனுப்புங்கள். போன தீபாவளிக்கு முன்னால் நல்லதங்காள் கதையைச் சொன்னேன், பாட்டி மாதிரியே விரல் மடக்கி. யாரும் அசையவில்லை. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் கடைசியில் கேட்டாள்: "ஆன்ட்டி, மூளின்னா என்ன?"

மூக்கோ காதோ அறுபட்டவள், நகை இல்லாதவள், குறைப்பட்டவள் என்று சொல்வார்கள், வசைச்சொல் என்றேன்.

"அப்ப அது அவ பேரு இல்லையே. யாரு அவள அறுத்தாங்க?"

இரண்டு வாரம் கழித்து ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். தமிழ்தான், ஆனால் அவளுக்குத் தெரிந்த தேவநாகரி எழுத்தில் எழுதியிருந்தாள், பென்சிலில், 11 பக்கம். நான் எழுத்துக்கூட்டி வாசிக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக்கொண்டே வந்தாள். அதில் அலங்காரிக்குப் பத்து வயதில் ஒரு பஞ்சம் வருகிறது. அவளும் ஒரு மாமா வீட்டு வாசலில் நிற்கிறாள். உள்ளே கதவுத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம். அந்த இடத்தில் அவள் பென்சிலை அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்திருந்தது. பின்னால் செலோடேப் ஒட்டியிருந்தாள்.

இன்னும் முடிக்கவில்லை. நல்லதங்காள் வந்து கதவைத் தட்டும்போது அலங்காரி திறப்பாளா, திறக்க மாட்டாளா என்று தெரியவில்லையாம். அடுத்த சனிக்கிழமை சொல்கிறேன் என்று நோட்டை வாங்கிக்கொண்டு போனாள்.